மலையில் ஓடும் காருக்கு எந்தக் காப்பீடு? நீலகிரிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

காரின் காப்பீட்டைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கும்போது நம்மில் பலர் பார்ப்பது கடைசி வரியில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டுமே. சென்ற ஆண்டைவிடக் குறைந்திருந்தால் நிம்மதியாகப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். கூடியிருந்தால் எதையாவது கழித்துத் தரும்படி ஏஜெண்டிடம் கேட்கிறோம். எது கழிக்கப்பட்டது என்பது, கோத்தகிரிச் சாலையிலோ குன்னூர் மலைப்பாதையிலோ ஒரு வளைவில் கார் தடுப்புச் சுவரைத் தாண்டிப் போன பிறகுதான் பல குடும்பங்களுக்குத் தெரியவருகிறது.

கோயம்புத்தூரில் ஓடும் காருக்கும் உதகையில் ஓடும் காருக்கும் பாலிசிப் படிவம் ஒன்றுதான். ஆனால் இரண்டுக்கும் வரக்கூடிய ஆபத்துகள் ஒன்றல்ல. சமவெளியில் பெரும்பாலான கிளைம்கள் பம்பர், கதவு, முகப்பு விளக்கு என்ற அளவில் முடிந்துவிடுகின்றன. மலையில் மண்சரிவு, சாயும் மரம், சாலையைக் கடக்கும் காட்டெருமை, மூடுபனியில் எதிரே வரும் பேருந்து, பள்ளத்தில் இறங்கிவிட்ட காரை மேலே ஏற்றும் கிரேன் என்று கணக்கு வேறு மாதிரி நீள்கிறது. ஆகவே மலைவாசிகள் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் வரிசையும் வேறாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: முதலில் மனிதர்கள், அடுத்து காரைப் பள்ளத்திலிருந்து மீட்கும் செலவு, அதன் பிறகு கார், எல்லாவற்றுக்கும் கடைசியில் பம்பரும் பெயிண்ட்டும். விற்பனையாளர்கள் நம்மிடம் பேசும் வரிசை பெரும்பாலும் இதற்கு நேர் எதிராக இருக்கிறது.

சட்டம் கேட்பது எவ்வளவு

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 146ஆம் பிரிவின்படி, பொதுச் சாலையில் ஓடும் எந்த வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், கட்டாயம். அது இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மறுபடி பிடிபட்டால் அபராதம் 4,000 ரூபாய். அபராதத்தை விட அஞ்ச வேண்டியது வேறொன்று. நம் கார் மோதி ஒருவர் உயிரிழந்தால், அவருடைய வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கிட்டு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை பல லட்சங்களுக்குப் போகலாம். காப்பீடு இல்லாவிட்டால் அந்தத் தொகை நம் வீட்டின் மீதும் தேயிலைத் தோட்டத்தின் மீதும் வந்து நிற்கும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டில் உச்சவரம்பு இல்லை. பிறருடைய உடைமைக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் ரூபாய் வரம்பு உண்டு.

இந்தப் பகுதிக்கான பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது என்பதால் எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் தொகை ஒன்றுதான். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். இவற்றோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும். மாருதி 800, ஆல்ட்டோ ஆகியவை முதல் வகுப்பில் வரும், 1197 சி.சி. ஸ்விஃப்ட் இரண்டாம் வகுப்பில் வரும்; எஸ்டேட் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய 2500 சி.சி. பொலேரோ மூன்றாம் வகுப்பில் வரும். ஒரு நிறுவனம் மற்றொன்றைவிட விலை குறைவாகத் தருவதாகச் சொன்னால், வேறுபாடு இந்தப் பகுதியில் இருக்க முடியாது, வேறு எங்கோ இருக்கிறது என்று புரிந்துகொண்டு அதைத் தேட வேண்டும். புதிய கார் வாங்குபவர்கள் 2018 செப்டம்பர் முதல் மூன்று ஆண்டுகளுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கார்களில் ஆண்டுதோறும் புதுப்பிப்பது சொந்தச் சேதப் பகுதியை, அதாவது நம் காருக்கே நேரும் இழப்புக்கான பகுதியை மட்டுமே. இது தெரியாமல், மூன்றாண்டுப் பத்திரம் கையில் இருப்பதாலேயே முழுக் காப்பீடும் இருப்பதாக எண்ணி இரண்டாம் ஆண்டில் சும்மா இருந்துவிடுகிறவர்கள் உண்டு. பத்திரத்தில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும்; இரண்டையும் பாருங்கள்.

காருக்குள் இருப்பவர்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மலையில் கார்கள் பெரும்பாலும் குடும்பத்தோடுதான் ஓடுகின்றன. கல்யாணத்துக்கோ, கோயம்புத்தூர் மருத்துவமனைக்கோ, ஊர்ப் பண்டிகைக்கோ ஐந்து பேராகப் போகிறோம்.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்த தனியார் காரில் உறவினரோ நண்பரோ பயணம் செய்து காயமடைந்தால், அவருக்கு அந்தப் பாலிசியிலிருந்து இழப்பீடு கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பாலிசியில் காரின் பயணிகள் அடங்க மாட்டார்கள், ஆனால் மூன்றாம் நபர் பகுதியும் சொந்தச் சேதப் பகுதியும் சேர்ந்த காம்ப்ரிஹென்ஸிவ் அல்லது பேக்கேஜ் பாலிசியில் அடங்குவார்கள் என்று 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் வேறுபடுத்திக் காட்டியது. அதற்கு முன்பே, 2009-இல், பேக்கேஜ் பாலிசியில் காரின் பயணிகளுக்கான பொறுப்பும் சேர்ந்திருக்கிறது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. ஆகவே பழைய காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் எதற்கு என்று கேட்பவர்கள், காரின் தகரத்தை மட்டும் எண்ணிப் பார்க்காமல், அதன் பின்னிருக்கையில் யார் உட்காருகிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. இது 15 லட்சம் ரூபாய்க்கானது, கட்டாயமானது. வேறு பாலிசியில் அதே அளவு விபத்துக் காப்பீடு ஏற்கெனவே இருந்தால் மட்டும் இதைத் தவிர்க்கலாம். ஆனால் ஆர்.சி.யில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டுமே, அதுவும் அவரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருந்தால் மட்டுமே இது பொருந்தும். நம் ஊர்களில் கார் அப்பாவின் பெயரில் இருக்கும், அவருக்கு ஓட்டத் தெரியாது, மகன்தான் ஓட்டுவான். அப்படிப்பட்ட வீட்டில் மகன் தன் தவறாலோ பனிமூட்டத்தாலோ வளைவில் காரோடு விழுந்தால், அவனுக்கு அப்பாவின் பெயரிலுள்ள விபத்துக் காப்பீடும் கிடைக்காது, உரிமையாளரின் இடத்தில் இருந்து ஓட்டியவன் என்பதால் மூன்றாம் நபராகவும் அவன் கருதப்பட மாட்டான். இரண்டு கதவுகளும் அடைபடுகின்றன. இதற்கு வழி இரண்டு: காரை உண்மையில் ஓட்டுபவரின் பெயருக்கு மாற்றிவிடலாம், அல்லது ஓட்டுபவருக்குத் தனியாக ஒரு விபத்துக் காப்பீட்டுப் பாலிசி எடுத்துவிடலாம். இரண்டாவது எளிது, செலவும் குறைவு, காருக்கு வெளியே நடக்கும் விபத்துகளுக்கும் பயன்படும்.

இவற்றோடு, பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான விபத்துக் காப்பீடு என்று ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கலாம். ஒவ்வொரு இருக்கைக்கும் அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய் வரை எடுக்க முடியும். இதற்கான பிரீமியம் சில நூறு ரூபாய்தான். யார் மீது தவறு என்று தீர்ப்பாயம் முடிவுசெய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லாத தொகை என்பதால், இதைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்திருப்பவர்கள் அவருக்கான சட்டப் பொறுப்புக் காப்பீட்டையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதன் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட வராது.

சொந்தச் சேதப் பகுதி யாருக்கு வேண்டும்

பேக்கேஜ் பாலிசியின் சொந்தச் சேதப் பகுதி எந்தெந்த ஆபத்துகளுக்குப் பணம் தரும் என்று பத்திரத்திலேயே பட்டியல் இருக்கிறது. தீ, இடி, திருட்டு, கலவரம், நிலநடுக்கம், வெள்ளம், புயல், ஆலங்கட்டி மழை ஆகியவற்றோடு உறைபனியும், மண்சரிவும், பாறைச் சரிவும் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளன. சமவெளிக்காரர்கள் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும் இந்தக் கடைசி மூன்று சொற்களுக்காகத்தான் நாம் பிரீமியம் கட்டுகிறோம். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பகுதிகளில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. தென்மேற்குப் பருவமழையில் கூடலூரும் பந்தலூரும் குந்தாவும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூரும் கோத்தகிரியும் என்று ஆண்டின் பெரும்பகுதியில் மாவட்டத்தின் ஏதோ ஒரு பக்கம் ஈரமண்ணோடுதான் இருக்கிறது. நிறுத்தி வைத்திருந்த கார் மீது கற்பூர மரம் சாய்ந்தாலும், வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்சுவர் இடிந்து விழுந்தாலும், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரு ரூபாய்கூட வராது. காட்டெருமையோ யானையோ மோதிச் சேதமானால், வெளியிலிருந்து தற்செயலாக நேர்ந்த சேதம் என்ற தலைப்பில் சொந்தச் சேதப் பகுதி அதை ஏற்கும். எலி கடித்த ஒயரையும் பொதுவாக அதே வழியில் ஏற்கிறார்கள்.

எவ்வளவு பழைய கார் வரை இதைத் தொடர்வது என்ற கேள்விக்கு, காரின் ஐ.டி.வி.யை, அதாவது பாலிசியில் காருக்குக் குறிக்கப்பட்டுள்ள மதிப்பைப் பார்க்க வேண்டும். கார் முழுவதும் போய்விட்டால் நிறுவனம் தரும் அதிகபட்சத் தொகை அதுதான். முதல் ஆறு மாதத்தில் உற்பத்தியாளரின் விலையில் 5 சதவீதம், ஓராண்டு முடிவதற்குள் 15 சதவீதம், இரண்டு ஆண்டுக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50 சதவீதம் என்று கழித்து அதைக் கணக்கிடுகிறார்கள். ஐந்து ஆண்டுக்குப் பிறகு அது நமக்கும் நிறுவனத்துக்கும் இடையே பேசி முடிவு செய்யும் தொகை. பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கார் முழு இழப்பாகக் கருதப்பட்டு ஐ.டி.வி. தொகை தரப்படும். பிரீமியம் குறைய வேண்டும் என்பதற்காக ஐ.டி.வி.யைத் தாழ்த்தித் தரும் விலைப்பட்டியலை ஏற்காதீர்கள். சமவெளியில் முழு இழப்பு அபூர்வம். இங்கே ஒரு கார் 100 அடி உருண்டால் அதுதான் முடிவு. அதே நேரம், சந்தை விலையைவிட மிக அதிகமாக வைப்பதிலும் பொருளில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எட்டு வயது ஆன ஆல்ட்டோவின் ஐ.டி.வி. 1,60,000 ரூபாய், சொந்தச் சேதப் பகுதிக்கு ஆண்டுப் பிரீமியம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கார் போய்விட்டால் கடன் வாங்காமல் இன்னொன்று வாங்க முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் அந்த 3,000 ரூபாயைக் கட்டுங்கள். ஐ.டி.வி. 50,000 ரூபாய்க்குக் கீழே வந்துவிட்ட, தோட்டத்துக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் மட்டும் போய்வரும், குடும்பம் ஏறாத பழைய ஜீப் என்றால் மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் சந்தேகம் வந்தால், மலைவாசி எடுத்துக்கொள்வதே நல்லது. பெருநகரப் பதிவு எண் கொண்ட கார்களைவிட டி.என். 43 போன்ற எண்களுக்குச் சொந்தச் சேதப் பிரீமிய விகிதம் பொதுவாகச் சற்றுக் குறைவு என்பதும் நினைவிருக்கட்டும். சென்னைப் பதிவெண்ணோடு வாங்கிய பழைய காரைப் பல ஆண்டுகளாக இங்கே ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

பள்ளத்திலிருந்து மேலே

வழக்கமான தனியார் கார் பாலிசியில், விபத்துக்குள்ளான காரைப் பாதுகாத்து அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுசெல்லும் செலவுக்கு 1,500 ரூபாய்தான் வரம்பு. காந்திபுரத்தில் ஒரு காரைக் கட்டி இழுத்துச் செல்ல அது போதுமானதாக இருக்கலாம். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டியில், தேயிலைச் சரிவில் தலைகீழாகக் கிடக்கும் காரை மேலே ஏற்ற கிரேன் வர வேண்டும், கயிறு கட்ட ஆட்கள் இறங்க வேண்டும், அதன்பின் அங்கே பழுது பார்க்க முடியாத கார் என்றால் மேட்டுப்பாளையத்துக்கோ கோயம்புத்தூருக்கோ லாரியில் போக வேண்டும். இந்தச் செலவுக்கும் 1,500 ரூபாய்க்கும் உள்ள இடைவெளியை நாம்தான் கட்ட வேண்டும்.

ஆகவே புதுப்பிக்கும்போது, இழுத்துச் செல்லும் செலவுக்கான வரம்பை உயர்த்தித் தரும் கூடுதல் காப்பீடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ரோடு சைடு அசிஸ்டன்ஸ் என்ற பெயரில் எல்லோரும் விற்கும் சாலையோர உதவி அதற்கு மாற்று ஆகாது. அதில் பெரும்பாலும் பழுதாகி நின்ற காரை இழுப்பது, டயர் மாற்றுவது, தீர்ந்துபோன பேட்டரிக்கு உயிர் கொடுப்பது போன்றவையே அடங்கும். அதை வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: எத்தனை கிலோமீட்டர் வரை இழுப்பது இலவசம், சாலையை விட்டுக் கீழே இறங்கிய காரைக் கிரேன் வைத்து எடுப்பது அதில் சேருமா, உங்கள் ஊர்ப் பின்கோடுக்கு அந்தச் சேவை உண்மையில் வருகிறதா. கடைசிக் கேள்வி முக்கியம். மஞ்சூருக்கும் மசினகுடிக்கும் பந்தலூருக்கும் சேவை உண்டு என்று பட்டியலில் இருக்கும். வண்டி எங்கிருந்து புறப்பட்டு வருகிறது என்று கேட்டால்தான் உண்மை தெரியும். கூடலூர் பக்கம் உள்ளவர்கள், பந்திப்பூர் வழிச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அடைக்கப்படுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மைசூர் பக்கத்திலிருந்து வரும் உதவி அந்த நேரத்தில் வராது.

பணம் கட்டாமலேயே பழுது பார்க்கும் கேஷ்லெஸ் வசதிக்கும் இதே சோதனை பொருந்தும். நாடு முழுவதும் எத்தனை ஆயிரம் ஒர்க்‌ஷாப்கள் என்று விளம்பரத்தில் இருக்கும் எண்ணிக்கை நமக்குத் தேவையில்லை. உதகையிலும் குன்னூரிலும் மேட்டுப்பாளையத்திலும் எது எது என்று மூன்று பெயர்கள் கேட்டால் போதும்.

விபத்து நடந்த பிறகு காரை அப்படியே போட்டுவிட்டு வந்துவிடக் கூடாது என்பதும் பாலிசியின் நிபந்தனை. கேட்பாரற்று விட்ட காரிலிருந்து டயரோ பேட்டரியோ போனால், அல்லது உடைந்த நிலையிலேயே ஓட்டிச் சென்று சேதம் பெரிதானால், அந்தக் கூடுதல் இழப்பை நிறுவனம் ஏற்காது. மலைப்பாதையில் போக்குவரத்தைச் சரிசெய்யக் காவல்துறையினர் காரை உடனே நகர்த்தச் சொல்வார்கள். அதற்குள் நான்கு பக்கமும் படமெடுத்து, நிறுவனத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிக் கிளைம் பதிவு எண் வாங்கிவிட வேண்டும்.

கூடுதல் காப்பீடுகளில் எவை பயன்படும்

ஜீரோ டெப்ரிசியேஷன், ஷோரூம்களில் பம்பர் டு பம்பர் என்று சொல்வது, எதற்காக என்று ஒரு பில்லை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். மூன்றரை வயதான ஒரு காரில் பம்பர் 8,000, முகப்பு விளக்கு 6,000, உலோக ஃபெண்டர் 4,000, முன் கண்ணாடி 7,000, பெயிண்ட் வேலை 8,000 என்று மொத்தம் 33,000 ரூபாய் பில் வருவதாகக் கொள்வோம். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிக்கப்படுவதால் பம்பரில் 4,000-மும் விளக்கில் 3,000-மும் போய்விடும். உலோகத்துக்கு இந்த வயதில் 25 சதவீதம், அதாவது 1,000 போகும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயிண்ட் வேலையில் கால் பங்கைப் பொருள் செலவாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பதால் இன்னொரு 1,000 போகும். இவற்றோடு, ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம் 1500 சி.சி. வரையிலான காருக்கு 1,000 ரூபாய். ஆக 10,000 ரூபாய் நம் கையிலிருந்து. ஜீரோ டெப்ரிசியேஷன் இருந்தால் கட்டாயப் பிடித்தம் மட்டுமே நம்முடையது. இன்றைய கார்களில் பிளாஸ்டிக் அதிகம் என்பதால், புதிய காருக்கு முதல் சில ஆண்டுகள் இது தேவைதான். பல நிறுவனங்கள் ஐந்து வயதோடு இதை நிறுத்திவிடுகின்றன. ஆண்டுக்கு இத்தனை கிளைம் மட்டும் என்ற வரம்பும் இருக்கும்.

எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீட்டைச் சென்னை வெள்ளத்துக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடுகிறோம். எஸ்டேட் சாலையில் கல் தட்டி, எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப் உடைந்தால், அந்தச் சம்ப்பின் விலை வழக்கமான பாலிசியிலேயே கிடைக்கும். ஆனால் ஆயில் வடிந்ததைக் கவனிக்காமல் ஏற்றத்தில் ஓட்டி எஞ்சின் இறுகிவிட்டால், அது தொடர்விளைவுச் சேதம் என்று மறுக்கப்படும். கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் ஓடை பெருகிச் சாலையில் நீர் நிற்கும்போது நனைந்து நின்ற எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொள்வதும் இதே வகை. ஆகவே காரின் அடிவயிறு தாழ்வாக இருந்து, போகும் வழி கல்லும் குழியுமாக இருந்தால் இதை எடுங்கள். தார்ச் சாலையிலேயே போய்வருபவர்களுக்கு அவசியமில்லை.

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், கார் முழு இழப்பானாலோ திருடுபோனாலோ ஐ.டி.வி.க்குப் பதிலாக வாங்கிய விலையைத் தருவது. மூன்று வயதுக்குட்பட்ட காருக்கு, அதிலும் வங்கிக் கடன் பாக்கி இருந்தால், மலையில் இதற்கு மதிப்பு உண்டு. சாவிக் காப்பீடு, உள்ளிருக்கும் பொருட்களுக்கான காப்பீடு போன்றவற்றை நான் விட்டுவிடுவேன். கிளட்ச் பிளேட்டும் பிரேக்கும் இங்கே சமவெளியைவிட வேகமாகத் தேய்கின்றன என்றாலும், தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் எந்தப் பாலிசியும் ஏற்காது. பனிவிளக்கு, கூரைக் கேரியர் போன்று தனியாகப் பொருத்தியவற்றின் விலையைப் பாலிசியில் எழுதச் சொல்லுங்கள். எழுதாதவற்றுக்குப் பணம் வராது.

மாதத்துக்குச் சில முறை மட்டும் காரை வெளியே எடுக்கும் முதியவர்கள், 2022 ஜூலையில் ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்த, ஓடும் கிலோமீட்டருக்கேற்ப பிரீமியம் கட்டும் முறையைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். பிரீமியம் குறையும், பாதுகாப்பும் குறையாது. ஆனால் அறிவித்த கிலோமீட்டரைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்போது கிளைம் செய்யக் கூடாது

கிளைம் இல்லாமல் கழியும் ஒவ்வோர் ஆண்டுக்கும் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று என்.சி.பி. எனப்படும் நோ கிளைம் போனஸ் தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும். 50 சதவீதத்தில் இருப்பவர் ஒரு கிளைம் செய்தால் மறு ஆண்டு அது சுழியத்துக்கு வரும். தள்ளுபடிக்கு முந்தைய பிரீமியம் 8,000 ரூபாய் என்று மாறாமல் வைத்துக்கொண்டால், மறுபடி 50 சதவீதத்தை எட்டும் வரை அவர் இழப்பது 4,000, 2,400, 2,000, 1,200, 400 என ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 10,000 ரூபாய். எதிரே வந்த பேருந்து கண்ணாடியை உரசிவிட்டது என்று 4,000 ரூபாய்க்குக் கிளைம் செய்பவர், தன் சொந்தப் பணத்தைத்தான் இழக்கிறார். உங்களுக்கான இந்த எல்லையை ஒருமுறை கணக்கிட்டுப் பாலிசி உறையின் மேல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிறு சேதங்களை எப்படியும் நீங்களே ஏற்கப் போகிறீர்கள் என்பதால், கட்டாயப் பிடித்தத்துக்கு மேலும் ஒரு தொகையை நாமே ஏற்கும் தன்விருப்பப் பிடித்தத்துக்குச் சம்மதித்தால் பிரீமியம் எவ்வளவு குறையும் என்றும் கேட்கலாம். குறைவது சில நூறு ரூபாய்தான் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என்.சி.பி. காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. காரை விற்றாலும் அதை அடுத்த காருக்கு எடுத்துச் செல்லலாம். ஆனால் பாலிசி காலாவதியாகி 90 நாள் கடந்துவிட்டால் அது போய்விடும்.

பாலிசி இருந்தும் பணம் வராத சூழ்நிலைகளில் மலையில் அடிக்கடி காணப்படுவது, வெள்ளை போர்டு காரை சீசனில் வாடகைக்கு ஓட்டுவது. ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாப் பயணிகளைப் பணத்துக்கு ஏற்றிச் செல்லும் சொந்தக் கார் விபத்துக்குள்ளானால், அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டை மீறியதாகச் சொல்லிச் சொந்தச் சேதக் கிளைமை நிறுவனம் மறுக்கும். மூன்றாம் நபருக்கு நீதிமன்ற உத்தரவின்படி பணம் கொடுக்க நேர்ந்தாலும் அதை உரிமையாளரிடமிருந்து வசூலிக்க வழி தேடும். ஒரு சீசன் வருமானத்துக்காக இதைச் செய்யும் இளைஞர்கள், மஞ்சள் போர்டு பதிவும் அதற்கான பாலிசியும் இல்லாமல் இறங்க வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். மது அருந்தி ஓட்டுவதும், உரிமம் இல்லாதவரிடம் சாவியைக் கொடுப்பதும் இதே விளைவைத் தரும்.

பழைய கார் வாங்குகிறவர்கள், ஆர்.சி. பெயர் மாறியதோடு வேலை முடிந்தது என்று இருக்கக் கூடாது. மூன்றாம் நபர் பகுதி சட்டப்படி தானாகவே புதிய உரிமையாளருக்கு வந்துவிடும். சொந்தச் சேதப் பகுதி அப்படி வராது, 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுதி மாற்றிக்கொள்ள வேண்டும்.

விலைப்பட்டியல்களை ஒப்பிடும்போது ஒரே ஐ.டி.வி., ஒரே கூடுதல் காப்பீடுகள், சரியான என்.சி.பி. ஆகியவற்றை வைத்து மூன்று நிறுவனங்களிடம் கேளுங்கள். முந்தைய ஆண்டில் கிளைம் செய்திருந்தும் இல்லை என்று எழுதி என்.சி.பி. வாங்கித் தரும் ஏஜெண்டை நம்பாதீர்கள்; நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று கேட்டுச் சரிபார்க்கின்றன, மறுக்கப்படுவது நம் கிளைம்தான். வந்துசேர்ந்த பத்திரத்தில் பதிவெண், சேஸிஸ் எண், உற்பத்தி ஆண்டு, கூடுதல் காப்பீடுகளின் பெயர்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று அன்றே பார்த்து, பிழை இருந்தால் எழுத்தில் திருத்தம் கேளுங்கள்.

கிளைம் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். அதற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் பீமா பரோசா இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். விபத்து இடத்துப் படங்கள், தகவல் தெரிவித்தபோது கிடைத்த கிளைம் பதிவு எண், கிரேனுக்கும் லாரிக்கும் கொடுத்த பணத்தின் ரசீதுகள் ஆகியவை அந்த மனுவோடு இணைக்கப்பட வேண்டியவை என்பதால், மலைப்பாதையில் கைச்சீட்டில் எழுதித் தரப்பட்ட ரசீதாக இருந்தாலும் அதைத் தொலைத்துவிடாதீர்கள்.